அட்டை கிடைத்த விவரம்

அன்புள்ள மைத்துனன் தென்னரசுக்கு,

திண்டிவனத்திலிருந்து மாமா கிருஷ்ணசாமி எழுதுவது. நானும் உன் அக்கா செண்பகமும் நலம். விழுப்புரத்தில் உன் வீட்டார் எல்லோரும் நலமாயிருக்க மயிலம் முருகன் துணை. வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்பதால் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் மன்றத்துப் பழைய பத்திரிகைக் கண்காட்சியில் என் மேசை முன்வரிசையில், வாசலுக்கு நேராக இருக்க வேண்டும். போன வருஷம் நாற்பது தீபாவளி மலர்களை நான் பரப்பி வைத்திருக்க, நீ அட்டை கிழிந்துபோன ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டி, "தல இல்லாத முண்டத்த எதுக்கு மாமா எடுத்துக்கினு வந்தீங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டாயே, அதற்கு அட்டை கிடைத்துவிட்டது. டெப்போவில் முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்தவன், ஒரு பஸ் வராவிட்டாலும் நோட்டை மூடமாட்டேன்.

விக்கிரவாண்டி பழைய பேப்பர் கடையில் மூட்டை மூட்டையாகப் பிரித்து மூன்று நாள் தும்மினேன். அப்புறம்தான் புத்தி வந்தது. நம் ஜனங்கள் மலர் வாங்கினால் சாமி ஓவியம் போட்ட அட்டையைக் கிழித்துக் கண்ணாடி போட்டுக் கும்பிடுவார்கள், ஆகவே தேட வேண்டியது கடையில் இல்லை, சாமி அறையில். அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் கையைக் கூப்பிக்கொண்டு நேரே உள்ளே போனேன், ஊரே என்னைப் பக்திமான் என்றது, வல்லத்தில் ஓவியர் கையெழுத்தைத் தேடிக் குனிந்ததில் விளக்கு பட்டு மீசை ஒரு பக்கம் கருகியது. கடைசியில் கிளியனூரில் ஒரு காதுகுத்துக்குப் போனபோது, பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு அம்மாவின் சாமி அறைச் சுவரில் மயிலோடு நின்றார் என் மலரின் அட்டையில் இருந்த முருகன். "சாமிய எப்படிங்க குடுக்கறது?" என்று அந்தம்மா தயங்கினார். நான் விட்டேனா? தங்கக் கலர் சட்டம் போட்ட பெரிய படம் புதுசாக வாங்கிப் போய், தேங்காய் உடைத்து, மாற்றிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன், இறங்குவதற்குள் ஏழு பேர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வாசலில் உன் அக்கா ஆரத்தியோடு நின்றாள். எனக்கு என்றைக்காவது எடுத்திருக்கிறாளா?

நாளைக் காலை சட்டத்தைப் பிரித்து மலரோடு சேர்த்துவிடுவேன். நாற்பதும் முழுசு. பெருமையாக இருக்கிறது, அதை மறைப்பானேன்? பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உன் மனைவிக்கு அன்பு, உனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

இப்படிக்கு,
மாமா கிருஷ்ணசாமி

பின்குறிப்பு: கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை, விடிந்ததும் சின்னபொண்ணு அம்மா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். படத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. உன் அக்காவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு சாமி அறையில் உட்கார்ந்தார். "புதுசு பெருசாத்தான் கீது. ஆனா அதுங்கிட்ட எனக்குப் பேச வரலீங்க. பொண்ணுக்கு நாளைக்கு ஆப்பரேசன், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். என் கையில் ஸ்க்ரூடிரைவர். அதை வைத்துவிட்டுப் படத்தைத் துணியில் சுற்றி, அந்தம்மாவோடு கிளியனூர் வரை போய், பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தேன். மேசை முன்வரிசையிலேயே இருக்கட்டும். அந்த மலரின் மேல் வைக்க ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன்: "இதன் அட்டை கிளியனூரில் டூட்டியில் இருக்கிறது."