முப்பத்தொரு வாக்கு

பர் துபாய்
செவ்வாய், லுஹர் தொழுத பிறகு

ஷரஃபியாவில் கடை வைத்திருக்கும் என் தம்பி மீரா சாகிபுக்கு லாத்தா ரஹீமா பீவி சலாம் சொல்லி எழுதுவது. இங்கே என் முட்டிவலி நீங்கலாக எல்லோரும் சுகம். அங்கே உன் சர்க்கரையும் உன் பெண்டாட்டி ஜன்னத்துல் ஃபிர்தௌஸின் கோபமும் மட்டுக்குள் இருக்க அல்லாஹ் போதுமானவன். இதை என் மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதுகிறேன். பேத்தி பாஹிமா போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது இன்றைக்கு ஒரு வசதி.

என் மகன், உன் மருமகன் ரிபாய் உனக்கு போன் போட்டு, "உம்மா என் மகளுக்குத் துரோகம் பண்ணிட்டாங்க மாமா" என்றானாமே. சனிக்கிழமையிலிருந்து என்னிடம் பேச்சில்லை. சோறு வைக்கவா என்றால் சுவரைப் பார்த்து "மாஃபி" என்கிறான். வேண்டாமாம். பெற்றவளிடம் அரபியில் கோபம்! நடந்ததைச் சொல்கிறேன், நீயே நியாயம் சொல்.

பாஹிமா பேஸ்பால் ஆடுகிறாள். கிரிக்கெட் மாதிரிதான், ஆனால் மட்டை உலக்கை போல உருண்டை, பந்து தரையில் குத்தாமல் நேரே வரும், நாலு மூலையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ரன். போடுகிறவன் நாலு தரம் கோணலாகப் போட்டுவிட்டால் அடிக்க நிற்கிறவர் மட்டையைப் போட்டுவிட்டு முதல் மூலைக்குச் சும்மா நடந்து போகலாம், அதற்குப் பெயர் வாக். பதினெட்டு ஆட்டத்துக்கும் மடக்கு நாற்காலியோடு போனவள் நான் ஒருத்திதான். எந்த ஆட்டத்தில் யார் எத்தனையாவது பந்தில் அவுட் என்று கேள், சொல்கிறேன். டீமிலேயே பெறுமானமுள்ள பிள்ளைக்குக் கடைசியில் ஒரு கோப்பை. போட்டி இரண்டு பேருக்கு. ஒன்று சிவசங்கரன் மகன் ஆதித்யா, ஒன்பது தடவை பந்தை வேலிக்கு வெளியே அடித்தவன். இன்னொன்று டீமில் ஒரே பெண்பிள்ளையான நம் பாஹிமா. ஒன்றையும் அடித்ததில்லை, முப்பத்தொரு வாக்.

ரிபாய் லேப்டாப்பைத் திறந்துகொண்டு, "அடிச்ச கணக்கெல்லாம் பழைய கணக்கு. அவுட் ஆகாம எத்தனை தடவை போய் மூலையில நின்னாங்கிறதுதான் இப்பக் கணக்கு" என்று எல்லோருக்கும் படம் காட்டினான். சிவசங்கரன் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர், டீ கேட்டாலும் மைக் முன்னால் நிற்கிற மாதிரிதான் கேட்பார். "பந்தை விண்ணுக்கு அனுப்பியவன் இருக்க, நின்று வேடிக்கை பார்த்தவருக்கா வெற்றிக் கோப்பை?" என்றார். ரிபாய் விடவில்லை. இன்னொரு கணக்கு இருக்கிறதாம்: இந்தப் பிள்ளையின் இடத்தில் சாதாரணப் பிள்ளை ஒன்று நின்றிருந்தால் எத்தனை ஆட்டம் தோற்றிருப்போம் என்று பார்ப்பதாம். அமெரிக்காக்காரன் கண்டுபிடித்ததாம். என் மாமியார் கம்ப்யூட்டர் இல்லாமலே அந்தக் கணக்கைத் தினமும் இரண்டு வேளை போட்டார்: "ஒன் எடத்துல வேற ஒருத்தி வந்திருந்தா இந்தக் குடும்பம் எங்கயோ போயிருக்கும்." வராத ஒருத்தியோடு போட்டி போட்டு எவள் ஜெயித்தாள், சொல்.

முடிவாகாமல் கோச் ஹஸ்னைன் ஓட்டு வைத்தார். இரண்டு பிள்ளைகளின் பெற்றோரும் போடக்கூடாது. மற்ற பத்து வீட்டில் அஞ்சுக்கு அஞ்சு. "அம்மாஜி எல்லா ஆட்டமும் பார்த்தாங்க, அவங்க சொல்லட்டும்" என்று என்னைக் காட்டிவிட்டார். ரிபாய் முகத்தில் பெருநாள். சிவசங்கரன் மனைவி ஷியாமளா, "அவங்க அந்தப் பொண்ணோட பாட்டியாச்சே!" என்று குதித்தாள். போன ரமலானில் நான் கொடுத்தனுப்பிய இறால் வாடாவை "வடை கொஞ்சம் கல்லு மாதிரி இருந்துச்சு" என்றவள் அவள். வாடாவை வடை என்றவளை நான் மறப்பேனா? சிவசங்கரன்தான் அவளைக் கையமர்த்தி, "மூத்தோர் பிழை செய்யார்" என்று சொல்லி, என்னிடம் குனிந்து, "அம்மையே, தங்கள் வாக்கு யாருக்கு?" என்று கேட்டார்.

என் காதில் விழுந்தது வாக். அந்த நடை வாக். யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்கிறார் என்று நினைத்து, "ஆதித்யாவுக்கே குடுங்க வாப்பா. எங்க புள்ளைட்டதான் முப்பத்தொண்ணு கெடக்கே, பாவம், அவன்ட்ட ஒண்ணுகூட இல்ல" என்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். ரிபாய் லேப்டாப்பை மூடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஓட்டு என்று மனுஷன் பேசுகிற மாதிரிக் கேட்டிருந்தால் இந்த வினை உண்டா? கிழவி காது மந்தம், படிப்பு மூன்றாம் வகுப்பு. இதில் துரோகம் எங்கே வந்தது? நீ போன் போட்டு அவனைச் சோறு தின்னச் சொல்.

உன் பிள்ளைகளுக்கு என் துஆ. உன் கடையில் பரக்கத் பொங்கட்டும். என் மகன் கல்யாணத்தில் தாளிச்சா சரியில்லை என்று ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் சொன்னதை நான் மறந்தே போய்விட்டேன் என்று அவளிடம் மறக்காமல் சொல்.

இப்படிக்கு,
உன் லாத்தா
ரஹீமா பீவி

பி.கு.: உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வாக்கு என்றால் ஓட்டு என்று தெரியாமலா ஊரில் இத்தனை எலெக்ஷனுக்கு விரலில் மை வைத்துக்கொண்டேன்? கடைசி ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்றும்போது பாஹிமா என் காதில் சொன்னாள்: "நன்னிமா, வாப்பாட்ட சொல்லாதீங்க. பால் வந்தா நான் கண்ண மூடிக்குவேன். ஸ்கேரியா இருக்கு. அசையாம நின்னா அது போயிடுது." ரிபாயின் லேப்டாப்புக்குப் பொறுமையும் பயமும் ஒரே முப்பத்தொன்றுதான். அதற்கு ஒரு கோப்பையும் கொடுத்துவிட்டால் பிள்ளை ஆயுசுக்கும் கண்ணை மூடிக்கொண்டே நிற்பாள். அதனால்தான், ஷியாமளா என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று தெரிந்தே சொன்னேன். பிடித்தாள், பொறுத்துக்கொண்டேன். படித்ததும் போட்டோவை அழித்துவிடு. நேற்று ப்ராக்டிஸில் பிள்ளை கண்ணைத் திறந்து மூன்று தரம் மட்டையை வீசினாள். மூன்றும் காற்று. அவுட். ரிபாய் அதை லேப்டாப்பில் பூஜ்யம் என்று ஏற்றினான். அவள் பல்லெல்லாம் தெரிய, கைகளை விரித்துக்கொண்டு என் நாற்காலிக்கு ஓடி வந்தாள்.