பூனையின் தங்கச்சி கல்யாணம்

"நான் போய்க் கேக்க மாட்டேன்" என்றாள் மடிப்பு. சொல்லிவிட்டு விரிப்பின் இரண்டு மூலையையும் பிடித்தபடி பின்னால் நகர்ந்தாள்.

எதிர்ப்பக்கத்து மூலைகளைப் பிடித்திருந்த ரயில், விரிப்பை மேலும் மடிக்கக் கிட்டே வந்தபோது, "உன் மூஞ்சிலதான்டி பொய் தெரியாது" என்றாள். மறுபடி இருவரும் விலகினார்கள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு; பேச்சு இப்படித்தான் நடக்கும். மெஷின் கூச்சலில் சொந்தக் குரலே காதில் விழாது. தள்ளி நிற்கும்போது வாயை அகலத் திறந்து மென்று மென்று சொன்னால் பாதி புரியும். விரிப்பு மடிந்து, கையும் கையும் சேரும்போது மீதியைச் சொல்லிக்கொள்ளலாம்.

அன்று புதன்கிழமை. சனிக்கிழமை மூவரும் நகரத்துக்குப் போகிறார்கள். கூடப் புருஷன் கிடையாது, பிள்ளை கிடையாது. ஒரு ராத்திரி தங்கி, ஞாயிறு சாயந்திரம் திரும்புவதாகத் திட்டம். லாட்ஜில் அறைகூடச் சொல்லியாகிவிட்டது. அந்த லாட்ஜின் பெயரைச் சொன்னாலே ரயிலுக்கு வாய் இனித்தது. போன வாரம் முழுக்க, மூவரும் மடிக்கும் மேசையருகே நின்று அதை வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச ஆரம்பித்தால் நிலையம் வந்தாலும் நிற்க மாட்டாள் என்பதால் அவள் ரயில். அவளுக்குக் கடைத்தெரு முழுக்க ஏறி இறங்க வேண்டும். மூன்றாமவள் பூனை, சுடச்சுட வரும் துண்டுக் குவியலில் சாய்ந்து நின்றபடியே தூங்கக்கூடியவள். அவளுக்கு லிப்டில் மேலும் கீழும் போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

மடிப்பின் ஆசை வேறு. வேறு யாரோ துவைத்து, வேறு யாரோ விரித்த விரிப்பில் படுக்க வேண்டும். காலையில் எழுந்து, அதைக் கசங்கியபடியே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போக வேண்டும். பஸ் டிக்கெட்டைக்கூட மூலைக்கு மூலை வைத்து மடிக்கிறவள் என்பதால் அவள் மடிப்பு. இந்த ஆசையை நினைத்தாலே அவளுக்கு உள்ளங்கை குறுகுறுத்தது.

குறுக்கே நின்றது ஒரே ஒரு சட்டம். ஒரு மேசையில் ஒரு நாளைக்கு ஒருத்திக்குத்தான் லீவு. சட்டத்துக்குக் காவல், எதிரே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் அக்கா.

அக்கா பல வருஷம் பெரிய மெஷின் பக்கத்திலேயே நின்றவள். முதலில் காது போனது, பிறகு பதவி வந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால் ஊருக்கே கேட்கும்படி பேசுவாள். ஷிப்டு முடிந்தால் ஊதுகிற சங்குக்கும் அவளுக்கும் குரலில் வித்தியாசம் தெரியாததால், பின்னால் எல்லோரும் வைத்த பெயர் சங்கு. பின்னால் என்ன, காதுதான் கேட்காதே என்று ரயில் முன்னாலேயே சொல்வாள். "சங்கு இன்னைக்கு நல்லா ஊதுது" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அக்காவும் தலையை ஆட்டிச் சிரிப்பாள். சாப்பாட்டு வேளையில் கண்ணாடிக்குள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். கத்திப் பேச யாருக்கும் தொண்டை இல்லை, அதனால் யாரும் கூப்பிடுவதில்லை.

கடைசியில் மடிப்புதான் போனாள்.

"என்ன மடிப்பு?" கண்ணாடி அதிர்ந்தது.

"அக்கா, சனிக்கிழமை..."

சங்கு அவள் வாயையே பார்த்தாள். யார் பேசினாலும் வாயைத்தான் பார்ப்பாள். பல்வலி என்று சொல்ல வந்த மடிப்பு, இப்படி உற்றுப் பார்க்கிறவள் பல்லை எண்ணிவிட்டாலும் எண்ணிவிடுவாள் என்று பயந்து, "கல்யாணம்" என்றாள்.

"யாருக்கு?"

"பூனையோட தங்கச்சிக்கு. நகரத்துல."

"மூணு பேருமா போறீங்க?"

"மூணு பேரும் போகலன்னா நடக்காதுக்கா."

சங்கு கண்ணாடி வழியே அவர்கள் மேசையைப் பார்த்தாள். "உங்க மேசைக்கால் ஆடுது. சனிக்கிழமை ரிப்பேருக்கு எடுக்கச் சொல்றேன். மேசையே இல்லாம மூணு பேரும் நின்னு என்ன பண்ணப் போறீங்க? போய்ட்டு வாங்க."

மடிப்புக்குக் கால் தரையில் பாவவில்லை. நன்றி சொல்லிக் கதவில் கை வைத்தாள்.

"மடிப்பு."

"என்னக்கா?"

"நானும் வரேன்."

வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்து ரயில் விரிப்பைக் கீழே போட்டாள். "லீவு இல்லையா?"

"லீவு உண்டு. சங்கும் உண்டு."

"எங்க வருது அது?"

"கல்யாணத்துக்கு."

"எந்தக் கல்யாணத்துக்கு?"

"இல்லாத கல்யாணத்துக்கு."

துண்டுக் குவியலில் பூனை கண்ணைத் திறந்தாள். "எனக்குத் தங்கச்சி இருக்கா?"

"இப்ப இருக்கா. தங்கமான பொண்ணு."

"மாப்பிள்ளை யாரு?"

"யாராச்சும் கேட்டா முடிவு பண்ணலாம். நீ தூங்கு."

"இதெல்லாம் ஒரு விஷயமா, நான் போய் நிறுத்தறேன் பாரு" என்று ரயில் புறப்பட்டாள். கண்ணாடிக்குள் போய், கல்யாணம் தள்ளிப் போய்விட்டது என்று கையை விரித்தாள்.

"அடப் பாவமே" என்றாள் சங்கு. "அப்ப லீவையும் தள்ளி வச்சுக்கலாம்."

ரயில் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கணம் நின்றாள். "அவ்ளோ தூரம் தள்ளலக்கா. காலைலேர்ந்து சாயந்திரத்துக்குத் தள்ளியிருக்காங்க."

"நல்லதாப் போச்சு. அரக்கப் பரக்க ஓட வேண்டாம், நிதானமாக் கிளம்பலாம்."

அடுத்தது பூனை. அவளுடைய தங்கச்சிதானே, அவள் சொன்னால் எடுபடும் என்று இருவரும் அவளைத் தட்டி எழுப்பி அனுப்பினார்கள். பூனை உள்ளே போய், கொட்டாவியில் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, "பொண்ணு ஓடிப்போச்சுக்கா" என்றாள்.

சங்கு எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அழாத. இந்த நேரத்துல பெரியவங்க ஒருத்தராச்சும் கூட இருக்கணும். வெள்ளிக்கிழமையே வந்துரட்டுமா?"

பூனை திமிறி விலகினாள். "வேண்டாம்க்கா. திரும்பி வந்துட்டா."

"ஓடினது யாரோட?"

பூனை நன்றாக யோசித்தாள். "மாப்பிள்ளையோட."

"எந்த மாப்பிள்ளை?"

"அவளுக்குப் பாத்த மாப்பிள்ளையேதான். ரெண்டு பேரும் சேந்து ஓடி, சேந்தே வந்துட்டாங்க."

சங்கு சட்டென்று திரும்பி, கைக்குட்டையை வாயில் வைத்து நெடுநேரம் இருமினாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளைக்குள் கல்யாணச் செய்தி சலவைக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. எல்லோரும் சேர்ந்து பரிசு வாங்கிவிட்டார்கள். படுக்கை விரிப்பு. அதைக் கசங்காமல் மடித்துக் கட்ட மடிப்பை விட்டால் ஆள் ஏது? இல்லாத பெண்ணுக்கு அவளே மூலைக்கு மூலை வைத்து மடித்துக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை வீட்டில் பை கட்டும்போது, குழாய் ரிப்பேர்காரனான அவள் புருஷன் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா லீவு போயிரும். எனக்கு மட்டுமில்ல, அதுங்க ரெண்டுக்கும். நான் கிளப்பின புரளிங்க இது."

"அது சரி. ஆனா கல்யாணத்துக்குப் போறவ முகம் இப்படியா பளபளன்னு இருக்கும்? நம்ம கல்யாணத்துக்கே நீ இவ்ளோ ஆசையாக் கிளம்பல."

அவள் பைக்குள் முகத்தை நுழைத்துச் சிரித்தாள். பயத்தையும் மீறிக் கால் தானாகத் துள்ளியது. பையை மூன்று தடவை பிரித்துக் கட்டினாள்.

சனிக்கிழமை பஸ் நிலையத்தில் சங்கு அவர்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். புதுச் செருப்பு, உதட்டில் சாயம், கையில் பரிசுப் பொட்டலம். "வாங்க பொண்ணுங்களா" என்று கூப்பிட்டதில் வேறு ஊர் போக இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

பஸ்ஸில் எதிரும் புதிருமாக இடம் கிடைத்தது. மூவர் இந்தப் பக்கம், சங்கு அந்தப் பக்கம். பஸ்ஸும் சலவை மெஷினுக்குச் சளைக்காமல் இரைந்தது. ரயில் சங்கைப் பார்த்துச் சிரித்தபடியே, "கூட்டமான இடமாப் பாத்து விட்டுட்டு ஓடிரலாமா?" என்றாள்.

"அந்தச் சத்தத்துக்கு அது எங்கேர்ந்து கூப்பிட்டாலும் கேக்குமேடி" என்றாள் மடிப்பு.

பூனை மட்டும் தூங்காமல் சங்கின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விடுங்கடி, பாவம். எவ்ளோ ஆசையாச் செருப்பு வாங்கியிருக்கு பாரு. நாலு பேராப் போனா லிப்டு என்ன தூக்காதா?"

சங்கு பையைத் துழாவி ஆரஞ்சுப் பழங்களை எடுத்தாள். இருப்பதிலேயே பெரியதைப் பூனையிடம் கொடுத்தாள். சுருங்கிப்போன ஒன்றைத் தேடி எடுத்து ரயிலிடம் நீட்டினாள்.

நகரம் வந்தது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கட்டடங்கள், கண்ணாடிக்குப் பின்னால் தலையில்லாத பொம்மைகள் போட்டிருந்த நல்ல நல்ல உடுப்புகள், ஆட்களை விழுங்கி விழுங்கி வெளியே விடும் சுழல் கதவுகள். மூன்று பேருக்கும் வாய் மூடவில்லை. ரயில் முதல் கடைக்குள் பாய்ந்தாள். சங்கு அவள் கையைப் பிடித்து, "முதல்ல கல்யாணம்" என்றாள்.

மண்டபத்தைத் தேடுவதாக நடந்தார்கள். ஒரு தெருவில் போய், அடுத்த தெருவில் திரும்பி, மறுபடி முதல் தெருவுக்கே வந்தார்கள். துணிக்கடையின் தலையில்லாத பொம்மைக்கே அவர்களை அடையாளம் தெரிந்திருக்கும். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் சுற்றில் லாட்ஜ் வாசல் வந்தது. உள்ளே, மேலே எங்கோ, தனக்காக யாரோ விரித்து வைத்த படுக்கை. மடிப்பு அண்ணாந்து மாடி ஜன்னல்களைப் பார்த்தாள். இப்படியே போனால் ஞாயிற்றுக்கிழமையும் மண்டபம் தேடியே தீர்ந்துவிடும். பக்கத்தில் சங்கு புதுச் செருப்பு கடித்த காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் வந்தாள். அதுதான் மடிப்பைக் குத்தியது.

நின்றாள். "அக்கா, கல்யாணம் இல்ல."

சங்கு அப்போது எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன?"

"கல்யாணம் இல்லக்கா. பொய் சொன்னேன்."

"வண்டி இரையுது. கேக்கல."

மடிப்பு மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினாள். "பூனைக்குத் தங்கச்சியே கிடையாது. நாங்க ஊர் சுத்த வந்தோம். எல்லாம் நான் சொன்ன பொய்."

தெரு நின்றது. ஒரு பெரியவர் சைக்கிளிலிருந்து இறங்கினார். ஒருத்தி தன் பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

"இத்தனை நாள் எங்க வச்சிருந்த இந்தக் குரல?" என்றாள் சங்கு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கால் எரியுது. உள்ள போய் உக்காந்து திட்டறேன்." முதல் ஆளாக லாட்ஜுக்குள் நுழைந்தாள்.

மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்து வந்த பிள்ளைகள் மாதிரி பின்னால் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பையன் வயதுக் குமாஸ்தா அவர்களை ஒரு பார்வை பார்த்துச் சாவியை எடுத்து வைத்தான். "நாலு பேர் அறை தயாரா இருக்கு."

"மூணு பேருன்னுதானே சொல்லியிருந்தோம்" என்றாள் ரயில்.

குமாஸ்தா அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அக்காவின் முகத்துக்கு நேராகத் திரும்பி, கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவன் போல வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"சங்குங்கறது நீங்கதானேம்மா, திங்கக்கிழமை போன்ல எங்களப் பேச விடாம நீங்களே சொல்லி முடிச்சபடியே நாலாவது கட்டில் போட்டாச்சு, எவ்ளோ சத்தத்துலயும் எவ்ளோ தள்ளி இருந்தாலும் வாயசைவப் பாத்தே எல்லாத்தையும் புரிஞ்சுக்குவேன்னீங்களே, நான் சொல்றது தெரியுதுங்களா?"