நட்சத்திரத்துக்கு ஈ.சி.ஜி. பார்த்தவர்

மதுரையில் மனித இதயங்களை அதிகம் திட்டியவர் யாரென்று கேட்டால், ஈ.சி.ஜி. அண்ணனைத்தான் சொல்வேன். காளவாசல் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் லேபில், அவர் பக்கத்து அறையில் ஈ.சி.ஜி. எடுப்பவர். படுத்திருக்கும் நோயாளியிடமே, “என்னய்யா இது, உசிலம்பட்டி டவுன் பஸ் மாதிரி நின்னு நின்னு போகுது?” என்பார். பாதிப் பேருக்குத் துடிப்பு அங்கேயே எகிறிவிடும்.

சர்க்கரை அவர் கண்ணைத் தின்ன ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில் ஒரு பெரியவரின் ஈ.சி.ஜி. தாளில் கோளாறு இருக்கிறது என்றார். டாக்டரோ அப்படி எதுவும் இல்லை என்றார். “உங்களுக்குத்தான் கண் சரியில்லை” என்று அண்ணனை டோக்கன் கொடுக்க உட்காரவைத்தார்கள். மறுவாரம் பெரியவர் இறந்துபோனார். எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை.

“நான் பாத்தது நெசமா, கண்ணு காட்டுன பொய்யா மாப்ள?” என்று தினமும் கேட்பார்.

டோக்கன் கம்ப்யூட்டரில்தான் அந்த வானியல் இணையதளத்தைக் கண்டுபிடித்தார். நட்சத்திரங்களின் வெளிச்சத்தைக் கோடாக வரைந்து அதில் போட்டு, ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று விஞ்ஞானிகள் பொதுமக்களைக் கேட்கிறார்கள். அண்ணனுக்குக் கோடு போதாதா? நோயாளிகள் வரிசையில் நிற்க, இவர் நட்சத்திரங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“நாலு நாளைக்கு ஒருக்கா வெளிச்சம் கொறையுது மாப்ள. குறுக்க ஒரு கிரகம் போகுது. வியாழன் அம்புட்டுப் பெருசு. அதோட சூரியனை ஒட்டிக்கிட்டே சுத்தி வேகுது.”

“அப்ப அங்க வருசமே நாலு நாளாண்ணே?”

“ஆமா. நாலு நாளைக்கு ஒரு பொங்கல். அவனியாபுரத்து ஜல்லிக்கட்டு மாடுக அங்க இருந்தா என்னத்துக்கு ஆகும்?”

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி அனுப்பினேன். பதில் வருவதற்குள் அவருக்கு நிழலும் வெயிலும் மட்டுமே தெரிகிற நிலை. மெயிலை நான்தான் படித்தேன். அங்கே கிரகம் இருப்பது உண்மை. ஆனால் வேறொரு குழு அதை முன்பே கண்டுபிடித்துவிட்டது. இரண்டாவது வரியை முணுமுணுத்தேன்.

“அது கெடக்கட்டும். கிரகம் இருக்கா?”

“இருக்குண்ணே.”

“நான் சொன்ன எடத்துலயேவா?”

“அதே எடம்ண்ணே. அதே நாலு நாளு.”

சிரிப்பார் என்று நினைத்தேன்.

“அப்ப அந்தப் பெரியவரு தாள்லயும் கோளாறு இருந்திருக்கு. நான் இன்னுங் கொஞ்சம் சண்ட போட்டிருக்கணும் மாப்ள.”

கையைப் பிடித்து பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்து, கண்டக்டர் விசில் கொடுத்த பிறகும் அந்தக் கையை விட எனக்கு மனம் வரவில்லை.