அய்யாக்குட்டிக்குக் கிடைத்த இமை உயர்வு

ஒரு சாம்ராஜ்யத்தைக் காக்கப் பீரங்கி மட்டும் போதாது. ஒழுங்கான இமைகளும் வேண்டும். யுத்தம் உச்சத்திலிருந்த 1943இல் இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்தது தூத்துக்குடித் துறைமுகத்து 'வான்காவல் அலுவலகம்'. வேம்பாரிலிருந்து பிழைக்க வந்து, அங்கே தற்காலிக டைப்பிஸ்டாக உட்கார்ந்திருந்த நானே சாட்சி.

ஜப்பான் விமானம் வருகிறதா என்று பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பத்துப் பேர் வந்தார்கள். ஒன்பது பேர் நேராக நின்றார்கள். அய்யாக்குட்டி மட்டும் தாடையைத் தூக்கி, முகத்தை வானத்துக்குக் காட்டி நின்றார்.

"பாத்தீராவே! வேல குடுக்கதுக்கு முன்னாலயே மேல பாக்கான்!" என்று மெய்சிலிர்த்தார் சூப்பிரண்டு செல்வதுரை. அப்போதே நியமனம்.

அய்யாக்குட்டிக்குப் பிறவியிலேயே இரண்டு இமையும் தொங்கும். முகத்தை அண்ணாந்தால்தான் எதிரே நிற்பவர் இமைக்கு அடியில் தெரிவார். இதை யாரும் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் அதற்கு இடமும் இல்லை.

ஒரு வருஷம் கழித்து மதராஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். "என்ன இது, தூங்குகிறானே! அடுத்த மாதம் வருவேன். அப்போது இந்தக் கண் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை கிடையாது."

அய்யாக்குட்டி என்னிடம் வந்தார். "தம்பி, வேல போச்சுன்னா எம்பொட்டப்புள்ளைய மூணும் உப்பளத்துக்குத்தான் போவணும். டாக்டரு இமையில கத்தி வைக்கணும்னா வைக்கட்டும்."

அலுவலகம் மூன்று முறை கூடியது. முதலில் இடது கண்ணா, வலது கண்ணா என்று இரண்டு கூட்டம். 'இரண்டும் ஒருசேர' என்று மூன்றாவதில் ஏகமனதாகத் தீர்மானம். யாருக்கும் சம்பள உயர்வு தராத அலுவலகம் இமை உயர்வு தந்தது! டாக்டர் இமையை அறுத்து, உயர்த்தித் தைத்தார். கட்டு அவிழ்த்ததும் அய்யாக்குட்டியின் தாடை தானாக இறங்கியது.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். கண் அகலத் திறந்திருந்தது. ஆனால் பார்வை வானத்தில் இல்லை, தோணித்துறையில் இருந்தது.

"ஏலே, அங்கன என்னத்தல பாக்க?" என்றார் செல்வதுரை.

"புதுசா ஒண்ணுமில்லய்யா. நம்ம கிடங்கு மண்ணெண்ணெய்த் தகரத்தத் தோணில ஏத்துதாவல்லா, அதத்தான். நீங்க கைகாட்டுவீயளே, வெள்ளிக்கெழமதோறும்? ஒரு வருசமா பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

"ஒரு வருசமாவா?"

"ஆமய்யா. பட்டாளத்துக்குப் போவுதுன்னு நெனச்சேன். இல்லியா?"

ஊரில் விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாத காலம். செல்வதுரை இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் மெல்லத் தாடையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். அப்படியொரு கடமையுணர்ச்சியை நான் கண்டதில்லை.

மறுநாளே உத்தரவு வந்தது: 'வானத்தைப் பார்க்க நியமிக்கப்பட்டவர், பணிநேரத்தில் பூமியைப் பார்த்த குற்றத்துக்காக நீக்கப்படுகிறார்.'

அந்த மூன்று பெண்களும் இப்போது உப்பளத்துக்குப் போகிறார்கள். அய்யாக்குட்டி அதைத் தெளிவாகப் பார்க்கிறார்.

அதே வாரம் என் வேலை நிரந்தரமானது. வீட்டுக்கு ஒரு தகரமும் வந்து சேர்ந்தது. அந்த உத்தரவை டைப் அடித்தவன் நான்தான். ஓர் எழுத்துப் பிழை கிடையாது. எந்த ஆபரேஷனும் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டே அடித்தேன்.