லாட்ஜ் வைத்தியரும் எபியின் இரண்டாவது ஓலையும்

தாம்பரம்,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள தம்பி எலியேசருக்கு,

அக்கா ஜெயசீலி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். படப்பையில் உன் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. அவ்வளவு கோபமாக இருக்கிறேன்.

என் பேரன் எபிக்கு என்னடா குறை? இருபத்தெட்டு வயசு, ஒரகடத்தில் இன்ஜினியர், கொயரில் அவன் பாடினால் ஃபேன் சத்தம்கூடக் கேட்காது. ராஜகீழ்ப்பாக்கத்து ஜெரூஷாவோடு நிச்சயமாகி, சர்ச்சில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பு ஓலையில் முதலாவது போன வாரம் வாசித்தாயிற்று. அன்று சாயங்காலமே வந்து, "ஆச்சி, அடுத்த ஓலையை வாசிக்க வேண்டாம்னு பாஸ்டரய்யாகிட்ட சொல்லிடுங்க. எனக்கு உடம்புல ஒரு பலவீனம், வெளிய சொல்ல முடியாது" என்று அழுகிறான். நான் என்ன செய்வேன், பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக்குறிப்புக் கொடுத்துவிட்டேன். "எபி தம்பியோட மறைவான பலவீனத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே!" என்று அத்தனை பேரும் சத்தமாய் ஜெபிக்கிறார்கள், சம்பந்தியம்மாவும் அங்கேதான் முழங்காலில் நிற்கிறாள். மூலம் என்று நினைத்து மறுநாளே துத்திக்கீரை கொடுத்தனுப்பினாள், மகராசி.

பாத்ரூமே கதியென்று கிடந்தவனை உலுக்கிக் கேட்டால் உன் பெயர் வருகிறது. கல்யாணப் பிள்ளை இளைச்சுட்டான்னு, லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிற ஆளிடம் நீதானே கூட்டிப்போனாய்? கைப்பழக்கம் உண்டா என்று அவன் கேட்டானாம், பொய் சொல்லத் தெரியாத என் பிள்ளை ஆமாம் என்றானாம். உடனே நரம்பெல்லாம் போச்சு, உன்னைக் கட்டுகிற பெண் பாவம் என்று ஒரு டப்பா பவுடர். அதைத் தின்றுதான் வயிறு அப்படிப் போயிருக்கிறது.

நிஜ டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "வெளிய உக்காருங்க ஆச்சி" என்று எபி கெஞ்சினான், நான் அசையவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை, அதுவே எனக்குப் பிடித்தது.

"இது ஆம்பளை, பொம்பளை எல்லாருக்கும் இருக்கிற பழக்கம்தாம்மா. நரம்பும் போகாது, பிள்ளை பிறக்கவும் தடையில்லை. தனியா, சுத்தமா, உடம்பு நோகாம, வேலையும் தூக்கமும் கெடாம பாத்துக்கிட்டா போதும். இவரைக் கெடுத்தது பயமும் அந்தப் பவுடரும்தான்."

"பாவமில்லையா டாக்டர்?"

"அது உங்க பாஸ்டர் டிபார்ட்மெண்ட்."

பாஸ்டரய்யாவை நான் கேட்கப்போவதில்லை. கர்த்தர் உண்டாக்கின உடம்பு, அவருக்குத் தெரியாததா?

ஜெரூஷாவிடம் எபி தானே போனில் சொன்னான். "இதுக்கா ஓலையை நிறுத்தப் பாத்தீங்க? லூசு!" என்று அவள் சிரித்தது ஹால் வரைக்கும் கேட்டது. இன்று காலை இரண்டாவது ஓலை வாசித்தாயிற்று.

நீ மட்டும் கல்யாணத்துக்கு வரவேண்டாம்.

கோபத்திலும் உனக்காக ஜெபிக்கிற,
அக்கா ஜெயசீலி

பி.கு: கவரை ஒட்டப்போகும்போது எபி சொல்கிறான், அந்த லாட்ஜ் ஆள் உன்னைப் பேர் சொல்லி வரவேற்றானாமே, ரொம்ப வருஷப் பழக்கம் மாதிரி. எலியேசரு, நாங்கள் பெண் பார்க்கும்போதெல்லாம் உடம்பு சரியில்லக்கா, உடம்பு சரியில்லக்கான்னு ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் தனியாகவே இருந்துவிட்டாயே, அவன் காட்டின இதே பயத்தினால்தானாடா? பதில் எழுதாதே. வீட்டில் பவுடர் இருந்தால் கொட்டிவிட்டு கடிதம் கண்டதும் புறப்பட்டு வா. திட்டமாட்டேன். கொஞ்சம்தான் திட்டுவேன்.