பாதிப் பல்லும் ஒரு படமும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நீங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தாரே, அவர் டாக்டரே இல்லையாம். போன மாதம் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. அந்த நேரம் பார்த்து அவருடைய நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவன் நான். கடைவாய்ப் பல்லைப் பாதி பிடுங்கியிருந்தார், மீதியையும் முடித்துவிட்டுப் போகட்டும் என்று சைகையில் கெஞ்சினேன், யாரும் கேட்கவில்லை. வீங்கிய கன்னத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அவர்கள் பின்னாலேயே வெளியே வந்தால் வாசலில் ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுக்கிறார். மறுநாள் பேப்பரில் முன்னால் அவர், நடுவில் போலீஸ், பின்னால் முகத்தை மூடியபடி நான். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் மறுப்பாவது எழுதிப் போட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து மாலை நடைக்கு என்னோடு வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் முழங்கால் வலி. எதிர்வீட்டுக்காரர் மட்டும் நின்று, "உங்களை நாங்க தப்பா நினைக்கலை. ஆனா அந்த ஆளோட உங்களுக்கு என்ன பழக்கம்?" என்றார். பல்வலிங்க என்றேன். "எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க" என்று போய்விட்டார். இது போதாதென்று குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து, மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறது, சரி பண்ண வேண்டும் என்று சொல்லித் தொலைத்தேன். தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதையேதான் அந்தப் போலி டாக்டரும் சொல்லிட்டிருந்தான். அவன் பேச்சை நீங்க ஏன் பேசறீங்க?" கைப்பிடி ஆடுதுங்க, அதனால சொல்றேன் என்றேன். "அவனும் அப்படித்தான் சொன்னான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் அவரே அதில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார், கைப்பிடியோடு கீழே வந்துவிட்டார். கால் முறிந்தது. ஓடிப்போய்த் தூக்கியவன் நான். அந்த வலியிலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "விழும்னு உங்களுக்கு எப்படி முன்னாடியே தெரியும்?" என்று கேட்டார். இப்போது நான் படி ஏறினால் கதவுகள் சாத்திக்கொள்கின்றன.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன் மச்சான். என் பெண், உங்கள் மருமகள் விஷயம்தான் நெஞ்சை அறுக்கிறது. கூட வேலை பார்க்கும் பையன், இரண்டு பேருக்கும் பிடித்து, இரண்டு வீட்டிலும் பேசி முடித்த இடம். பையனின் அம்மா போன் செய்து அவளிடமே கேட்டிருக்கிறார்: "படத்துல இருக்கிறது உங்கப்பாவா?" மறைக்காமல் சொல்லியிருக்கிறாள்: "ஆமாங்க. பல்வலிக்குப் போனார்." அந்த அம்மா, "எங்க குடும்பத்துல யாருக்கும் பல்வலி வந்ததில்லை" என்று போனை வைத்துவிட்டார். இவள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உங்கள் தங்கைதான், "சொல்லித் தீத்துட்டாலாவது பரவாயில்லையே, இப்படி வாயை மூடிக்கிட்டு இருக்காளே" என்று அடுப்படியில் நின்று அழுகிறாள்.

நீங்கள் ஒரு நடை வந்து பையன் வீட்டாரிடம் பேச வேண்டும். பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்து ஒருவனை எடை போடுவது எந்த ஊர் நியாயம் என்று கேளுங்கள். நான் கேட்டால் எடுபடாது. நீங்கள் எந்தப் படத்திலும் இல்லை.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். பெரியவர்களுக்கு வணக்கம். எல்லோருடைய பற்களும் நன்றாக இருக்கட்டும்.

தங்கள் அன்பு மறவாத,
தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அந்தப் பையனே வந்தான். அம்மா சம்மதிக்காவிட்டாலும் கல்யாணம் செய்துகொள்கிறேன், உங்களிடம் சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றான். நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தான். ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தலைவருடைய மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறான். அவர்களோடு சுற்றுகிறவனை எப்படி நம்புவது? பெண் வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அறைக்கதவை இன்னும் திறக்கவில்லை. நீங்கள் வந்தால் முதலில் அவளிடம் பேசுங்கள்.