ஹெர்மோ தீவில் யாரும் வரி கட்டுவதில்லை

டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்மோ தீவின் நகரசபை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, மனிதர்கள் இனி வரி கட்ட வேண்டியதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. நிறுவனங்கள் மட்டும் கட்டினால் போதும். ஒரு சோதனை முயற்சியாக நடக்கட்டும் என்று தலைநகர் கோபன்ஹேகனும் அனுமதி தந்திருந்தது. தீவில் நடப்பது தீவோடு போகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

நகரசபைத் தலைவர் அஸ்கர் பொதுக்கூட்டத்தில் எழுந்து காரணத்தை விளக்கினார்.

"மனுஷன்னா உடம்பு இருக்கு, மனசு இருக்கு. வரி போட்டா வலிக்கும். கம்பெனிக்கு ரெண்டும் கிடையாது. எவ்வளவு வாங்கினாலும் அதுக்குத் தெரியப்போறதில்ல. வலிக்காத இடமா பாத்து ஊசி போடறவன்தானே நல்ல வைத்தியன்?"

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. கடைசி வரிசையில் இருந்த ரொட்டிக்கடை வில்லாட்ஸ் மட்டும் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'குரோக் ரொட்டி நிறுவனம்' என்று பதிவாகியிருந்தது அவரும், மனைவி கெர்டாவும், ஓர் அடுப்பும்தான். விடியுமுன் எழுந்து கம்பு போன்ற கறுப்பு ரை மாவைப் பிசைந்து பிசைந்து, அந்த நிறுவனத்துக்குத் தோள்பட்டை இறங்கிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"கெர்டா, நம்ம ரெண்டு பேர்ல கம்பெனி யாரு?"

"மாவு பிசையும்போது நீ கம்பெனி. சாப்பிடும்போது மனுஷன்."

"அப்ப நான் சாப்பிடறதை மட்டும் பாத்துக்கறேன்."

"யாரு சுட்டதை?"



அந்த வாரமே முடிதிருத்துபவர் கடையை மூடினார். சைக்கிள் பழுது பார்ப்பவர் மூடினார். மீனைப் புகைபோட்டு விற்றவரும் மூடினார். மூன்று பேரும் நிறுவனமாக இருப்பதிலிருந்து முறைப்படி விலகி, மனிதர்களாகச் சேர்ந்துகொண்டார்கள். வில்லாட்ஸும் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, பொழுதுபோக்காக ரொட்டி சுட ஆரம்பித்தார். ஊர்க்காரர்கள் நண்பர்களாக வந்து ரொட்டியை எடுத்துக்கொண்டார்கள். போகும்போது மேசைமேல் இருந்த கிண்ணத்தில் பிறந்தநாள் அன்பளிப்பு போட்டார்கள். பிறந்தநாள் என்றால் மேசையில் கொடி வைப்பது டேனிஷ்காரர்கள் வழக்கம். ஆகவே மேசையில் தினமும் ஒரு சிறு கொடி நின்றது.

வரி அலுவலகத்திலிருந்து போடில் அம்மையார் வந்தார். நியாயமான பெண்மணி. ஒரு மூலையில் நின்று நெடுநேரம் கவனித்துவிட்டுப் பேச்செடுத்தார்.

"இன்னிக்கு உங்க பிறந்தநாளா?"

"ஆமாங்க."

"நேத்து?"

"நேத்தும்தான்."

"அந்தக் கிண்ணத்துல விழுதே, அது என்ன?"

"அன்பளிப்பு."

"இப்ப ஒருத்தர் அன்பளிப்பு போட்டார். நீங்க மீதிச் சில்லறை எடுத்துக் குடுத்தீங்க."

"தன்னோட அன்பு அவ்வளவு இல்லைன்னு சொன்னாருங்க."

போடில் சிரிக்கவில்லை. அலுவலகத்துக்குப் போய் நடந்ததை நகரசபைக்குத் தெரிவித்தார். நகரசபை கூடி விளக்க ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. ஒருவருக்குப் பயன்படும்படி இன்னொருவர் எதைச் செய்தாலும், காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், செய்தவர் நிறுவனமே ஆவார். தன்னால் எவருக்கும் எவ்விதப் பயனும் இல்லை என்று நிரூபிப்பவர்கள் மட்டுமே மனிதர்கள். அவர்களுக்கு நகரசபை முத்திரையுடன் நீலநிற வில்லை ஒன்று வழங்கப்படும்.

முதலில் விண்ணப்பித்தவர்கள் நகரசபை உறுப்பினர்கள். தங்கள் பழைய கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளை ஆதாரமாக இணைத்திருந்தார்கள். கேள்வியே இல்லாமல் வில்லை கிடைத்தது.

அதற்கப்புறம் அது நாகரிகமாகிவிட்டது. சட்டையில் நீல வில்லை இல்லாமல் விருந்துக்குப் போவது கேவலம் என்றானது. விருந்தில் அவரவர் காப்பியை அவரவரே ஊற்றிக்கொண்டார்கள். யாராவது கையுறையைத் தவறவிட்டால், பார்த்தவர்கள் உடனே கடலைப் பார்த்தார்கள். டாக்டருக்கு வில்லை கிடைப்பது கொஞ்சம் சிரமமாக இருந்தது. நல்லவேளையாக இரண்டு நோயாளிகள் முன்வந்து சாட்சி சொன்னார்கள். கடைசியில் வரி அலுவலகமே விண்ணப்பித்தது. அந்த அலுவலகத்தால் யாருக்காவது பயன் உண்டா என்று ஊரைக் கூட்டிக் கேட்டபோது, தீவின் வரலாற்றில் முதல் தடவையாக எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

வில்லாட்ஸை போடில்தான் விசாரித்தார். "இவரால யாருக்காவது பிரயோஜனம் உண்டா?" என்று கெர்டாவைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்டுல கிடையாது," என்றாள் கெர்டா. "எந்தப் புத்தகத்து மேல வேணும்னாலும் கை வச்சு சொல்றேன்."

வில்லை கிடைத்தது. வில்லாட்ஸ் அடுப்பை அணைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தபின் எழுந்தார். கொஞ்ச நாள் சுகமாகத்தான் இருந்தது. பிறகு பழையபடி இருட்டிலேயே விழிப்பு தட்டியது. எழுந்து செய்ய எதுவும் இல்லை. படுத்தபடியே தலையணையைப் பிசைவார். கெர்டா அதைப் பார்த்தும் பார்க்காததுபோலத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஆறுதல் சொன்னால் அதுவும் சேவைக் கணக்கில் வரும் என்று ஊரில் பேச்சு இருந்தது.

குளிர்காலம் வந்தது. தீவில் ஒரு நிறுவனமும் இல்லாததால் நகரசபைக்கு ஒரு குரோனர்கூட வரவில்லை. தெருவிளக்குகள் எரியவில்லை. சாலையில் விழுந்த பனி விழுந்த இடத்திலேயே கிடந்தது. படகு ஓட்டுகிறவர்கள் நீல வில்லை வாங்கிவிட்டதால் அக்கரையிலிருந்து எதுவும் வரவில்லை. ஜனங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஊறவைத்த மீனைச் சாப்பிட்டார்கள். மீன் தீர்ந்ததும் அது ஊறிய புளிக்காடியைக் குடித்தார்கள். வரி இல்லாத வாழ்வில் இப்படிச் சிறுசிறு அசௌகரியங்கள் இருக்கும் என்று அஸ்கர் அறிவித்திருந்தார்.

ஒரு நாள் கெர்டா சன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்த்தாள். அங்கே சிக்னே என்ற இளம்பெண், குதிரைக்கு வைக்கும் ஓட்ஸை வேகவைத்துத் தன் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை துப்பியது. சிக்னே வழித்து மறுபடி ஊட்டினாள். குழந்தை மறுபடி துப்பியது.

கெர்டா தன் நீல வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அடுப்பை மூட்டினாள்.

"கெர்டா, ஒரே ஒரு ரொட்டி குடுத்தாலும் கம்பெனிதான்," என்றார் வில்லாட்ஸ்.

"கம்பெனியாவே இருந்துட்டுப் போறேன். நீ மனுஷனா உக்காந்து வேடிக்கை பாரு."

அவர் உட்கார்ந்து பார்த்தார். அவள் மூலையில் மிச்சமிருந்த ரை மாவு மூட்டையைப் பிரித்து, தண்ணீரை அள்ளி ஊற்றினாள்.

"தண்ணி ஜாஸ்தி."

"யோசனை சொன்னா நீயும் கம்பெனி. ஞாபகம் வச்சுக்கோ."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. வில்லையைக் கழற்றிவிட்டுக் கையைக் கழுவினார். மாவில் கை பட்டதும் நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது.

வாசனை தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. விடிந்தபோது வாசலில் ஊரே நின்றது. முதல் ரொட்டி சிக்னேவின் குழந்தைக்குப் போனது. வரிசையின் கடைசியில் போடில் நின்றிருந்தார். தன் முறை வந்ததும் கை குலுக்கினார்.

"வாழ்த்துகள். இந்தத் தீவுல இப்ப இருக்கற ஒரே நிறுவனம் நீங்கதான்."

"அப்படின்னா?"

"விளக்கு, சாலை, படகு, பள்ளிக்கூடம், நகரசபை, எங்க சம்பளம், எல்லாம் உங்க பேர்லதான் விழும். ரை ரொட்டி ஒண்ணு குடுங்க. கூட கொஞ்சம் வெண்ணெய்."

வில்லாட்ஸும் கெர்டாவும் உட்கார்ந்து, மேற்படி தொகையைச் சுடக்கூடிய ரொட்டிகளால் வகுத்துப் பார்த்தார்கள். ஒரு ரொட்டி எழுநூறு குரோனர் வந்தது. எழுதி மாட்டினார்கள். ஊர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கியது. அக்கரையில் ஒரு ரொட்டி முப்பது குரோனர்தான், ஆனால் படகு ஓடினால்தானே அக்கரை? நகரசபைச் சம்பளத்துக்குச் செய்யும் வேலை பயனில் சேராது என்று ஆணை வந்ததால், ஒரு மாதத்தில் விளக்குகள் எரிந்தன, பனி அகன்றது, படகும் ஓடியது. அக்கரை ரொட்டி ஏற்றிவரக் கூடாது என்ற நிபந்தனையோடு ஓடியது. இருக்கிற ஒரே நிறுவனத்தைக் காப்பது நகரசபையின் கடமை அல்லவா?

அஸ்கரும் ரொட்டி வாங்க வந்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"எழுநூறா? உனக்கு மனசாட்சி இருக்காப்பா?"

"மாவுக்கும் விறகுக்கும் முப்பதுதான். பாக்கியெல்லாம் உன் விளக்கு, உன் படகு, உன் சம்பளம்."

"சாப்பாட்டு விஷயத்துல அரசியல் பேசாத, வில்லாட்ஸ்."

வசந்த காலத்தில் தலைநகரிலிருந்து ஒரு நிபுணர் குழு வந்து இறங்கியது. வரியே இல்லாத ஊரைக் கண்டு அறிக்கை எழுதுவது அவர்கள் வேலை. தெருவில் சிக்னேவை நிறுத்திக் கேட்டார்கள்.

"வரி கட்டாம இருக்கறது எப்படி இருக்கு?"

"ரொம்ப நிம்மதியா இருக்கு. ரொட்டிதான் கொஞ்சம் விலை."

முதல் வாக்கியத்தைக் குறித்துக்கொண்டு ரொட்டிக்கடைக்கு வந்தார்கள்.

"முழு வரியும் உங்க தலையிலயாமே, பாரமா இல்லையா?"

வில்லாட்ஸ் நிமிர்ந்து நின்றார். "எனக்கென்னங்க பாரம்? நான் ஒத்தக் காசு கட்டறதில்ல. எல்லாம் கம்பெனி கட்டுது."

குழு மகிழ்ச்சியோடு விடைபெற்றது. நாடு முழுக்க இத்திட்டத்தைப் பரப்பலாம் என்று அறிக்கையில் எழுதியதாகப் பிறகு தெரிந்தது.

சாயங்காலம் வில்லாட்ஸ் கடையை ஒதுங்கவைத்தார். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு ரொட்டி வேண்டும். கம்பெனி ரொட்டியை மனிதர்கள் சும்மா எடுக்கக் கூடாது என்று போடில் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆகவே அவர் கடை மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். சட்டைப்பையிலிருந்து எழுநூறு குரோனர் எடுத்து எண்ணினார். உள்ளே நின்ற கெர்டா வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு ரொட்டியை நீட்டினாள்.

அவர் அதைக் கையில் எடைபோட்டுப் பார்த்தார்.

"பகல்கொள்ளை," என்றார். "இந்தக் கம்பெனிக்காரனுங்களுக்கு வரியை இன்னும் ஏத்தணும்."